விடியுமுன் எல்லை கடப்போர்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

சிங்கப்பூர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். பாட்டிமார்களுக்குத் தைலப் புட்டி, சிறுவர்களுக்கு மிட்டாய்ப் பொட்டலம், தரகருக்குக் கமிஷன், புதிதாக மணமான பெண்ணுக்கு இரண்டாண்டுப் பிரிவு. திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடிய ஊர்தான் அது. ஆயினும் போனவர் திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு மணி நேரத் தொலைவு எவ்வாறு இரண்டாண்டுத் தொலைவாக மாறுகிறது என்பது எனக்குச் சிறு வயது முதலே விளங்காத கணக்கு.

இதே சிங்கப்பூருக்கு நாள்தோறும் காலையில் வேலைக்குப் போய், இரவில் தம் சொந்த வீட்டிற்குத் திரும்பிவந்து உறங்குகின்ற வெளிநாட்டவர் இலட்சக்கணக்கில் உள்ளனர். அவர்கள் அண்டை நாடான மலேசியாவின் தென்கோடியில் உள்ள ஜோகூர் மாநிலத்தில் வாழ்பவர்கள். அவர்களிடையே நம் தமிழர்களும் கணிசமாக உண்டு.

என் தந்தையார் 2008 முதல் 2021 வரை சிங்கப்பூரில் கட்டடத் தொழிலாளியாக இருந்தவர். அவரோடு ஒரே தளத்தில் பாரந்தூக்கி இயக்கிய ஜோகூர்த் தமிழர் ஒருவரிடம், "அண்ணே, நீங்க கொடுத்து வச்சவரு. ராத்திரியானா வீட்டுக்குப் போயி பிள்ளை முகத்தைப் பாத்துடலாம்" என்று ஒருநாள் சொன்னாராம். அதற்கு அவர், "பார்க்கிறேன்தான் தம்பி. ஆனா தூங்குற முகத்தைத்தான் பார்க்கிறேன்" என்றாராம். தந்தையார் இதைச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அந்தப் பதில் மனத்தைவிட்டு அகலவில்லை. அதன் பொருளைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

ஒரு கிலோமீட்டர் கடல்

மலாய்த் தீபகற்பத்தின் நுனிக்கும் சிங்கப்பூர்த் தீவுக்கும் இடையே ஜோகூர் நீரிணை என்னும் குறுகிய கடல் கிடக்கிறது. ஜோகூர் பாரு நகருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதிக்கும் இடையே அதன் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பரும் ஈயமும் இரயில் வண்டிகளில் ஜோகூர் வரை வந்து, அங்கிருந்து மிதவைகளில் ஏற்றப்பட்டுச் சிங்கப்பூர்த் துறைமுகத்தைச் சேர்ந்தன. சரக்குப் பெருகப் பெருக மிதவைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனவே நீரிணையைக் கல்லால் நிரப்பி அதன்மேல் தண்டவாளமும் சாலையும் அமைக்க ஆங்கில அரசு முடிவு செய்தது.

இதனைத் தமிழில் 'கடற்பாலம்' என்று வழங்குகிறோம். உண்மையில் இது தூண்கள் மேல் நிற்கும் பாலம் அன்று. நம் கல்லணையைப்போல நீருக்குக் குறுக்கே கற்களைக் கொட்டி எழுப்பிய கரை எனலாம். வேலை 1919-இல் தொடங்கியது. புலாவ் ஊபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமா குன்றிலிருந்தும் கருங்கல் வெட்டப்பட்டது. படகுகளில் கொண்டுவந்த கற்களைக் கடலில் கொட்டிக்கொண்டே போனார்கள். நீர் செல்லும் வழி குறுகினால் அதன் வேகம் கூடும் என்பது நாம் வகுப்பில் படிப்பதே. கடலை இருபுறமும் அடைக்கும்போது எஞ்சிய இடைவெளியில் ஓதநீர் எவ்வளவு சீற்றத்துடன் பாய்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பளுவான கற்கள் மட்டுமே அந்த ஓட்டத்தில் நிலைத்து நிற்கும்.

சரக்கு இரயில் 1923 செப்டம்பரிலும் பயணிகள் இரயில் அதே ஆண்டு அக்டோபரிலும் ஓடத் தொடங்கின. முறையான திறப்பு விழா 1924 ஜூன் 28 அன்று நடந்தது. நீளம் 1,056 மீட்டர். அகலம் 60 அடி. கல்லோடு கல்லாகத் தண்ணீர்க் குழாய்களும் பதிக்கப்பட்டன. ஆகவே இக்கரை வழியே மனிதர்களோடு குடிநீரும் நாடு கடக்கிறது. 1962-இல் செய்த உடன்பாட்டின்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை ஜோகூர் ஆற்று நீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அவ்வுடன்பாடு 2061 வரை செல்லும்.

போர்க்காலத்தில் இக்கரை அறுக்கப்பட்டதும் உண்டு. 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியரைத் தடுப்பதற்காக ஆங்கிலப் படையினரே வெடி வைத்துச் சுமார் 70 அடி இடைவெளியை உண்டாக்கினர். ஜப்பானியர் பிப்ரவரி 8 இரவில் படகுகளில் கடந்தனர். 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடற்பாலம் மீண்டும் செப்பனிடப்பட்டது.

ஒரு வீடு இரண்டானது

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இக்கரை கட்டப்பட்ட காலத்தில் அதைக் கடப்பவர் அயல்நாட்டுக்குப் போவதாக நினைக்கவில்லை. இரு பக்கமும் ஆங்கிலேயர் ஆதிக்கம். இரு பக்கமும் ஒரே நாணயம். 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானபோது சிங்கப்பூரும் அதன் ஓர் அங்கமே. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்து தனிநாடாயிற்று. அண்ணன் ஜோகூரிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருந்த குடும்பங்கள் ஒரே நாளில் இரு நாட்டுக் குடும்பங்கள் ஆயின.

பிரிவு உடனே கண்ணுக்குத் தெரியவில்லை. 1967-இல்தான் கடற்பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. அதே ஆண்டு இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆயினும் ஒரு மலேசிய வெள்ளிக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளி என்ற சம மதிப்பு தொடர்ந்தது. 1973 மே 8 அன்று அந்த ஏற்பாடும் முடிவுற்றது. அன்று பிரிந்த இரு நாணயங்களும் பின்னர் சமமாகச் சேரவே இல்லை. இக்கட்டுரையின் மையமே அந்தப் பிரிவுதான்.

ஏன் போகிறார்கள்?

சிங்கப்பூரில் 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் பெருகின. மக்கள்தொகை குறைந்த அந்நாட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஜோகூரிலோ தோட்டங்களையே நம்பியிருந்த குடும்பங்கள் மிகுதி. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பால் வெட்டப் போன இரப்பர்த் தோட்டங்கள் பல, காலப்போக்கில் செம்பனைக்கு மாறின, சில துண்டுபோட்டு விற்கப்பட்டன, சில வீட்டுமனைகளாயின. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழரின் பிள்ளைகளுக்கு மிக அருகில் கிடைத்த நகரம் ஜோகூர் பாரு. மிக அருகில் கிடைத்த நல்ல சம்பளம் கடலுக்கு அப்பால் இருந்தது.

சம்பள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மலேசியாவில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 1973-இல் ஒன்றுக்கு ஒன்றாக இருந்த மாற்று மதிப்பு, 1997-இல் ஆசிய நாடுகளைத் தாக்கிய பணநெருக்கடிக்குப் பின் ஒன்றுக்கு இரண்டைத் தாண்டி, அண்மை ஆண்டுகளில் மூன்றையும் கடந்துவிட்டது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று கொள்வோம். ஒருவர் சிங்கப்பூரில் மாதம் 2,000 வெள்ளி பெறுகிறார் எனில், ஜோகூரில் அது 6,400 ரிங்கிட். அங்கே 2,000 என்பது எளிய சம்பளம். வீட்டு வாடகையும் சாப்பாடும் போனால் மிஞ்சுவது சொற்பம். கரையைக் கடந்து வந்தால் அதே பணம் ஒரு நடுத்தரக் குடும்பத்தை நடத்தி, வீட்டுக் கடனும் கட்டும்.

ஆக, இவர்கள் செய்வது என்ன? விலைவாசி உயர்ந்த நாட்டில் சம்பாதித்து, விலைவாசி தாழ்ந்த நாட்டில் செலவழிக்கிறார்கள். உயரமான தொட்டிக்கும் தாழ்வான தொட்டிக்கும் இடையே குழாய் வைத்தால் நீர் பாய்வது போன்றதே இது. மட்ட வேறுபாடு இருக்கும்வரை ஓட்டமும் இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்கள் மளிகை வாங்கவும் முடி வெட்டிக்கொள்ளவும் கார் பழுதுபார்க்கவும் ஜோகூருக்கு வருகிறார்கள். மலிவான பெட்ரோலை நிரப்பிக்கொண்டு போவதைத் தடுக்க, சிங்கப்பூர்ப் பதிவுள்ள கார்கள் நாட்டை விட்டு வெளியேறும்போது எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு விதி செய்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள கடல், விலைகளை எவ்வளவு தூரம் பிரித்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒரு நாளின் நடப்பு

கடற்பாலத்தை நாள்தோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். உலகின் மிக நெரிசலான நில எல்லைகளுள் இதுவும் ஒன்று. 1998-இல் மேற்கே துவாஸ் பகுதியில் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டும் இங்கே கூட்டம் குறையவில்லை.

தந்தையாரின் நண்பர் சொன்ன நாள்முறை இது: நான்கு மணிக்கு எழுந்து, நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறார். ஜோகூர் பாருவின் குடிநுழைவு நிலையத்தில் மலேசியாவை விட்டு வெளியேறும் சோதனை. பின்னர் கடற்பாலம். இடமும் வலமும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள், புகை, சிவப்பு விளக்குகளின் வரிசை. மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. மழைக்கோட்டு ஒன்றே துணை. அக்கரையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் சிங்கப்பூருக்குள் நுழையும் சோதனை. அதன்பின் வேலையிடம் வரை இன்னும் அரைமணி நேரம். பேருந்தில் போகிறவர்கள் பாடு வேறுவிதம். முதல் நிலையத்தில் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறி, ஒரு கிலோமீட்டர் போய், மீண்டும் இறங்கி, வரிசையில் நின்று, இன்னொரு முறை ஏற வேண்டும். பேருந்து நகரவில்லையெனில் கடற்பாலத்தின்மேல் நடந்தே போய்விடுவோரும் உண்டு. 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸில் கடவுச்சீட்டை நீட்டாமல் கைப்பேசியில் உள்ள குறியீட்டுக் கட்டத்தைக் காட்டிக் கடக்கும் வசதி வந்துள்ளது. வரிசை சற்று விரைவாக நகர்கிறது. ஆனால் வரிசை இருக்கத்தான் செய்கிறது.

கடிகாரமும் கதிரவனும்

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஜோகூர் பாரு கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 103.8 பாகையில் உள்ளது. அதை 15-ஆல் வகுத்தால், கிரீன்விச் நேரத்தைவிட அவ்வூர் 6 மணி 55 நிமிடம் முந்தியிருக்க வேண்டும். ஆனால் அங்குள்ள கடிகாரம் காட்டுவது 8 மணி நேர முந்தல். 1981 முடியும்வரை மலாய்த் தீபகற்பத்தில் ஏழரை மணி நேர முந்தல்தான் இருந்தது. போர்னியோத் தீவிலுள்ள தன் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்க விரும்பிய மலேசியா, 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியது. வேறு நேரத்தில் இயங்கினால் வணிகமும் போக்குவரத்தும் குழம்பும் என்பதால் சிங்கப்பூரும் உடனே பின்பற்றியது. நாணயத்தில் பிரிந்தவர்கள் நேரத்தில் பிரியவில்லை.

இதன் விளைவு யாது? அவ்வூர்க் கடிகாரம் சூரிய நேரத்தைவிட ஒரு மணிக்கும் சற்று மேலாக முந்தி ஓடுகிறது. ஆண்டு முழுதும் ஏழு மணி அளவில்தான் பொழுது விடிகிறது. தஞ்சாவூருக்கு இதே கணக்கைப் போட்டால் வேறுபாடு கால் மணிகூட வராது. எனவே ஜோகூர்க்காரர் நான்கு மணிக்கு எழுகிறார் என்றால், சூரியக் கணக்கில் அது மூன்றுக்கும் முன்னே. கரையைக் கடந்து, வேலையிடத்தில் கையெழுத்திட்ட பிறகே அவர் பகலவனைப் பார்க்கிறார். பிள்ளை ஏன் எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இது பாதி விடை.

மீதி விடை மாலையில் இருக்கிறது. போகும் வழியில் ஒன்றரை மணி, வரும் வழியில் ஒன்றரை மணி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணி. மாதம் 26 வேலை நாள் என்றால் 78 மணி. ஆண்டுக்கு 936 மணி. அதை 24-ஆல் வகுத்தால் 39 முழு நாட்கள். ஆண்டுதோறும் 39 இரவுபகல்களை ஒரு மனிதர் வரிசையிலும் புகையிலும் கழிக்கிறார். சம்பளச் சீட்டில் இந்த 39 நாட்களுக்கு ஒரு வெள்ளியும் வரவு இல்லை.

சீட்டில் வராத வேறு சிலவும் உண்டு. சிங்கப்பூரில் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் மத்திய சேமநிதி, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதிச்சீட்டில் போய்வரும் மலேசியருக்கு அது இல்லை. முதுமைக்குத் தாமே எடுத்துவைத்தால்தான் உண்டு. ஜோகூர் மாநிலத்துக்கும் இழப்பு இருக்கிறது. கைதேர்ந்த தொழிலாளரை அங்குள்ள பட்டறைகளும் உணவகங்களும் நிறுத்திவைக்க முடியாமல் திண்டாடுகின்றன. சிங்கப்பூர் வெள்ளி வந்து குவியும் ஊரில் வீட்டு வாடகை ஏறுகிறது. ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் ஆசிரியரும் கடைச்சிப்பந்தியும் அதே வாடகையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாயில் அடைபட்டபோது

நாள்தோறும் திறந்திருக்கும் கதவு என்றும் திறந்தே இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 2020 மார்ச் 16 இரவில், பெருந்தொற்றைத் தடுக்க 18-ஆம் நாள் முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று மலேசிய அரசு அறிவித்தது. தினமும் கடப்போருக்கு முடிவு செய்யக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு நாள். ஜோகூரில் தங்கினால் வேலை போகும். சிங்கப்பூரில் தங்கினால் வீடு போகும். 17-ஆம் நாள் ஆயிரமாயிரம் பேர் துணிமூட்டையுடன் கடற்பாலத்தைக் கடந்தனர். தங்கும் இடம் முடிவாகாமலே வந்தவர் பலர். அவர்களைத் தங்கவைக்கும் முதலாளிகளுக்கு ஆளுக்கு இரவொன்றுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்குச் சிங்கப்பூர் அரசு உதவித்தொகை கொடுத்தது.

பதினான்கு இரவுகள் என்று தொடங்கியது இரண்டாண்டாக நீண்டது. 2020 ஆகஸ்ட் 17-இல் ஒரு சிறு கதவு திறந்தது: அக்கரையில் குறைந்தது 90 நாட்கள் வேலை செய்தால் விடுப்பில் வீட்டுக்குப் போய்வரலாம், தனிமைப்படுத்தல் உண்டு. 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்கு எண்ணிக்கை வரம்புடன் பேருந்துகள் விடப்பட்டன. 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில்தான் கடற்பாலம் முழுமையாகத் திறந்தது.

தந்தையாரின் நண்பர் அந்த இரண்டாண்டும் சிங்கப்பூரில் ஓர் அறையில் ஐவரோடு தங்கியிருந்தார். உட்லண்ட்ஸ் கரையில் நின்றால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நின்று, அக்கரையைப் பார்த்தபடி மனைவியுடன் தொலைபேசியில் பேசுவாராம். என் தந்தையாரோ 2020 ஏப்ரல் முதல் தொழிலாளர் விடுதிக்குள் அடைபட்டிருந்தார். விடுதிகளில் தொற்று வேகமாகப் பரவியதால் இலட்சக்கணக்கான தொழிலாளர் பல மாதங்கள் வெளியே வர முடியவில்லை. "அப்பதான் தெரிஞ்சுது. அவருக்கு வீடு ஒரு கிலோமீட்டரு, எனக்கு மூவாயிரம் கிலோமீட்டரு. கதவைச் சாத்திட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்று தந்தையார் சொன்னது என் தொடக்கக் கணக்குக்கு ஓரளவு விடையாயிற்று. தொலைவு என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை. கையில் உள்ள அனுமதிச் சீட்டிலும் இருக்கிறது.

அவர்களும் நாமும்

அப்படியானால் அச்சீட்டு மலேசியருக்கு ஒரு விதமாகவும் நம்மவருக்கு வேறு விதமாகவும் இருப்பது எவ்வாறு?

சிங்கப்பூரில் உடலுழைப்பு வேலைக்கு வரும் வெளிநாட்டவர் யாவருக்கும் வேலை அனுமதிச்சீட்டு தேவை. அது பெரும்பாலும் இரண்டாண்டுக்கு வழங்கப்படும். ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதந்தோறும் தீர்வை கட்ட வேண்டும். இதுவரை இருவருக்கும் பொது. ஆனால் மலேசியர் அல்லாத தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரமும் கொடுக்க வேண்டும். மலேசியருக்கு அது வேண்டியதில்லை. மலேசியர் எல்லாத் துறைகளிலும் வேலை பார்க்கலாம். நம்மவர்களுக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற சில துறைகளே திறந்துள்ளன. மலேசியர் வேலை பிடிக்கவில்லை என்றால் மாலையில் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வேறிடம் தேடலாம். நம்மவர் வேலையை விட்டால் விமானச் சீட்டைத்தான் தேட வேண்டும்.

இவை சட்டத்தில் உள்ள வேறுபாடுகள். சட்டத்தில் இல்லாத ஒரு வேறுபாடு, என் கருத்தில், இவை அனைத்தினும் பெரிது. அது கடன். ஜோகூர்க்காரர் பேருந்துக் கட்டணத்துடன் வேலைக்குப் போகிறார். என் தந்தையார் பயிற்சிக்கென்றும் தரகுக்கென்றும் கொடுப்பதற்காக நிலத்தை அடகு வைத்துப் போனார். முதல் ஒன்றரை ஆண்டுச் சம்பளம் வட்டியோடு அந்தக் கடனுக்கே போயிற்று. வீட்டுக்கென்று பணம் வரத் தொடங்கியபோது திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. மீண்டும் நீட்டிப்பு; மீண்டும் பிரிவு. நான்கு மணி நேரத் தொலைவு இரண்டாண்டாக நீள்வதன் இரகசியம் இதுவே. கடலை விடக் கடனே அகலமானது.

இதைக் கூறுவதால் ஜோகூர்க்காரர் வாழ்வு சொர்க்கம் என்பதன்று. கடன் இல்லாதவரின் பயணத்திலேயே ஆண்டுக்கு 39 நாட்கள் கரைகின்றன என்றால், கடனோடு போகிறவரின் பயணத்தில் எத்தனை ஆண்டுகள் கரையும் என்பதையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிய இரயில்

இரு அரசுகளும் நெரிசலைக் குறைக்க வழி தேடாமல் இல்லை. 2015 ஜூலை முதல் ஜோகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஐந்து நிமிடத்தில் கடக்கும் சிறு இரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் அதில் இடம் கிடைப்பது அரிது. இதைவிடப் பெரிய திட்டமாக, ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவு இரயில் பாதை, 2026-ஆம் ஆண்டின் முடிவை இலக்காகக் குறித்து அமைக்கப்பட்டுள்ளது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. இரு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்கியதும் நேரே நடந்து போகலாம். இரண்டு வரிசை ஒரு வரிசையாவதே இதன் பெரும் பயன்.

எனினும் கணக்குப் போட்டுப் பார்த்தால், காலை நெரிசலின் மூன்று மணி நேரத்தில் இந்த இரயில் கடத்தக்கூடியவர் 30,000 பேர். கடப்போரோ நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேல். எனவே இரயில் வந்தாலும் மோட்டார் சைக்கிள் வரிசை முற்றிலும் மறைந்துவிடாது. மட்ட வேறுபாடு இருக்கும் வரை குழாயைப் பெரிதாக்கினால் ஓட்டம் பெருகுமே தவிரக் குறையாது என்பதையும் மறக்கலாகாது.

முடிவுரை

அண்மையில் எங்கள் ஊர்த் தரகர் வீட்டுக்கு வந்து, "தம்பி டிகிரியை முடிக்கட்டும், நான் அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிப் போனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கல்லூரிக் கட்டணம் அக்கடல் கடந்து வந்த பணந்தான். ஆகவே வெளிநாட்டு வேலையைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை, நோக்கமும் இல்லை. ஆனால் என் தந்தையாருக்குக் கேட்கத் தெரியாத கேள்விகளைக் கேட்கும் அளவுக்காவது இக்கல்லூரி எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நம் மாணவ நண்பர்களில் பலருடைய வீடுகளிலும் இத்தகைய தரகர் வந்துபோயிருப்பார். அவரிடம் நாம் கேட்க வேண்டியவை சிலவே. நீர் அரசிடம் பதிவு பெற்றவரா? கொடுக்கும் பணத்துக்கு இரசீது உண்டா? சிங்கப்பூர் அரசு வேலை அனுமதிக்கு முன்பாக அளிக்கும் ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் எழுதப்பட்டிருக்கும்; தொழிலாளி தம் தாய்மொழியில் அதைப் பெற்றுப் படித்த பிறகே விமானம் ஏற வேண்டும் என்பது அங்குள்ள விதி. அக்கடிதம் எங்கே? வாங்கும் கடனை அச்சம்பளத்தால் வகுத்தால் எத்தனை மாதம் வருகிறது? கடைசிக் கேள்விக்கு எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். ஆனால் அதைப் போடாமலே எத்தனையோ பேர் விமானம் ஏறியிருக்கிறார்கள்.

தந்தையார் இப்போது ஊரில்தான் இருக்கிறார். மீட்ட நிலத்தில் உளுந்து விதைத்திருக்கிறார். ஜோகூர் நண்பருடன் தொலைபேசியில் இன்றும் பேசுவதுண்டு. சென்ற மாதம் பேசியபோது, அவருடைய மகன் மேல்நிலைப் பள்ளியை முடித்துவிட்டதாகவும், அப்பாவைப்போல எல்லை கடக்காமல் ஜோகூரிலேயே படிப்பைத் தொடர விரும்புவதாகவும் சொன்னாராம். "நல்லதுதானே அண்ணே" என்றார் தந்தையார். "நல்லதுதான் தம்பி. இனிமே நான் வேலைக்குக் கிளம்புற நேரத்துல அவன் படிக்கிறதுக்கு எழுந்து உட்கார்ந்திருப்பான். முழிச்ச முகத்தைப் பார்த்துட்டுப் போகலாம்" என்றாராம் அவர்.